இடது கார்டின் அப்பா

அன்புள்ள மகனுக்கு,

நீ கலிஃபோர்னியாவில் அந்தச் சன்னிவேல் வேலையை விட்டுவிட்டு டெக்சாஸுக்கே திரும்பி வருவதாகப் போனில் சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உன் அம்மா அதைச் சந்தோஷம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம் அல்ல என்பது அவளுக்கும் தெரியும். நீ சொன்ன முதல் வாக்கியம், "அப்பா, ஐ ஆம் மூவிங் ஹோம்." அதற்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நீ மூச்சு வாங்கிய சிறிய இடைவெளியில், இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எனக்குக் கிடைக்காத ஒரு நிம்மதி கிடைத்தது. பிறகு நீ அடுத்த வாக்கியத்தைச் சொன்னாய். "கோச் ஆஸ்க்டு மீ."

நாங்களும் உன்னைக் கூப்பிட்டிருக்கிறோம். பொங்கலுக்குக் கூப்பிட்டோம். உன் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டோம். ஆலங்கட்டி மழை கூரையைப் பொத்தலாக்கியபோது, இன்ஷூரன்ஸ்காரனிடம் நல்ல ஆங்கிலத்தில் சண்டை போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் நீ வந்தாய், நல்ல பிள்ளையாக இருந்தாய், திரும்பிப் போனாய். உன் ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சான அந்த மனிதர் ஒரே ஒரு முறை கூப்பிட்டார். நீ வேலையை விடுகிறாய், வீட்டைக் காலி செய்கிறாய், உன் பழைய பள்ளியில் காலையில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ராவும், மாலையில் பெரிய பையன்களுக்கு வேறு பெரிய பையன்களைத் தள்ளுவது எப்படி என்பதும் சொல்லிக்கொடுக்க வருகிறாய். "அவன் வர்றான்ல, யார் கூப்பிட்டா என்ன? உங்களுக்கு வயித்தெரிச்சல்," என்றாள் உன் அம்மா. நான் மறுக்கவில்லை. சரியான சொல்லைக் கண்டுபிடித்தவளிடம் எதற்கு வாதாட வேண்டும்?

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு, அடுத்த தலைமுறைக்கு அறிவுரையாக ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு அடுத்த தலைமுறை. அதற்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் இதை உன் அம்மா வாசித்துக் காட்டுவாள். அவள் இருமும் இடங்களில் எதையோ தாண்டுகிறாள் என்று புரிந்துகொள். அந்த மனிதரின் பெயரை மட்டும் நான் இதில் எழுதப்போவதில்லை. என் பெயரை அவர் போதுமான அளவு பயன்படுத்திவிட்டார்.

நீ பிறந்ததிலிருந்தே பெரியவன். நாம் நியூஜெர்சியில், ஐசலினில் இருந்த காலத்தில் ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளில் உனக்குத் தீபாவளிச் சட்டை வாங்கப் போனால், கடைக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு எனக்கு எடுக்கும் அளவையே உனக்கும் எடுத்துப் போடுவார். பிறந்தநாள் விழாக்களில் ஆன்ட்டிகள் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உன் அம்மாவிடம் என்ன கொடுக்கிறாய் என்று விசாரிப்பார்கள். நான் உன் தட்டில் இட்லியைக் குறைத்தேன், உன்னைக் கிரிக்கெட்டில் சேர்த்தேன், டென்னிஸில் சேர்த்தேன், அங்கிருந்து விலக்கி நீச்சலில் சேர்த்தேன். பிறகு டெக்சாஸுக்கு வந்தோம். நீ ஹைஸ்கூல் போன முதல் வாரம், மதிய உணவு வரிசையில் நின்றுகொண்டிருந்த உன்னை ஒருவர் பார்த்தார். பார்த்தவர் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, இன்னொரு தட்டு சாப்பிடுகிறாயா என்பது. பதினான்கு வருடம் நான் குறையாகப் பார்த்த ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வரமாகப் பார்த்தார். இந்த ஒன்றுக்காகவே ஒரு மனிதரை ஆயுள் முழுக்கப் பிடிக்காமல் போக எனக்கு உரிமை உண்டு.

உன்னைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், தாக்கும் வரிசையில் இடது கார்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது, எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சேலத்தில் இருக்கும் உன் சித்தப்பாவுக்குப் பெருமையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். தம்பிக்கு லெஃப்ட் கார்டு கிடைத்துவிட்டது என்று தமிழில் எழுதினேன். நம் எழுத்தில் காவல் காக்கும் கார்டுக்கும் பர்ஸில் வைக்கும் கார்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அவன் உடனே போன் செய்தான். "கிரீன் கார்டு தெரியும்ணே, அது என்ன லெஃப்ட் கார்டு? அதுக்கும் கியூ இருக்கா?" என்றான். கிரீன் கார்டுக்காக அப்போது நாம் காத்திருந்த காத்திருப்பில், அவன் கேட்டது எனக்கு நகைச்சுவையாகப் படவில்லை. அது விளையாட்டில் ஒரு இடம் என்று விளக்கினேன். பந்தைப் பிடிப்பானா என்றான். தொடவே மாட்டான் என்றேன். ஓடுவானா என்றான். இல்லை, வேறொருவன் ஓடுவதற்காக எதிரே நிற்பவனைத் தள்ளுவான் என்றேன். பிறகு, படிப்பு நல்லாப் போகுதில்ல என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

உன் ஜெர்சி வந்தது. இந்த ஊரில் ஜெர்சியின் முதுகில் குடும்பப் பெயரைப் போடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடைசிப் பெயர் என்று கேட்ட இடத்திலெல்லாம் அப்பாவின் பெயரை எழுதிச் சமாளித்து வந்த ஜாதி நாம். அதனால் உன் முதுகில் என் பெயர் வந்தது. சண்முகசுந்தரம் என்பது ஆங்கில எழுத்தில் உன் ஒரு கக்கத்தில் தொடங்கி, கழுத்துக்குக் கீழே வில்லாக வளைந்து, மறு கக்கத்தில் போய் முடிந்தது. ஆபீசில் என்னைச் சேர்ந்த வாரமே சாம் என்று ஆக்கிவிட்டார்கள். நானும் மெயிலில் சாம் என்றே கையெழுத்துப் போடப் பழகிவிட்டேன். இவர் மட்டும் உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, முழுப் பெயரையும் கற்றுக்கொண்டார். மரியாதை என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். ஒருவனைத் திட்டுவதென்றால் முழுப் பெயரைச் சொல்லித் திட்டினால்தான் உறைக்கும் என்பது அவர் கொள்கை என்று பிறகு நீதான் சொன்னாய். முதல் ஆட்டத்தில் மைதான ஓரத்திலிருந்து, "ஷான்முகாசண்டரம், பின்பக்கத்தை இறக்கு," என்று அவர் ஆங்கிலத்தில் கத்தியபோது, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் உட்கார்ந்த நிலையிலேயே இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

ஆட்டம் முடிந்ததும் முறையாக அறிமுகம் செய்துகொள்ளப் போனேன். கை நீட்டி, நான் சண்முகசுந்தரம் என்றேன். அவர் வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, "இல்லை சார், சண்முகசுந்தரம் அதோ நிற்கிறான்," என்று உன்னைக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து இந்த ஊரில் சண்முகசுந்தரம் என்றால் நீதான். நான் அவனுடைய அப்பா.

அடுத்த வருடம் நடந்ததை உன் அம்மா நிச்சயம் தாண்டமாட்டாள், அவளுக்கு மிகவும் பிடித்த கதை அது. ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், பந்து கிளம்பிய அடுத்த கணம், உன் எதிரே நின்றவனை அப்படியே விட்டுவிட்டு நீ வலப்பக்கமாக ஓடினாய். ஒரு முறை என்றால் கால் தடுக்கியது என்று விட்டிருப்பேன். திரும்பத் திரும்ப ஓடினாய். எல்லோரும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்க, என் மகன் மட்டும் இடத்தைக் காலி செய்துவிட்டு, மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி மறுபக்கம் ஓடுகிறான். பயந்துவிட்டாய் என்று முடிவு செய்தேன். அந்தச் சுபாவம் என்னிடமிருந்து வந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆட்டம் முடிந்ததும் நேராக அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பையன் அடுத்த வாரம் இடத்தை விட்டு அசையமாட்டான், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இன்று அவனைப் போல யாரும் 'புல்' பண்ணவில்லை என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கில 'புல்' ஒன்றுதான், தசை இழுத்துப் பிடித்துக்கொள்வது. பதறிப்போய் எந்தக் கால் என்று கேட்டேன். "இரண்டு காலும்தான் சார். ஒரு காலை வைத்துக்கொண்டு எப்படி?" என்றார்.

அன்று இரவு உன்னைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு தொடையிலும் உன் அம்மா அரை பாட்டில் தைலத்தைத் தேய்த்தாள். ஐ ஆம் ஃபைன், ஐ ஆம் ஃபைன் என்று நீ தலையணைக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாய். வரிசையிலிருந்து விலகி, பின்னால் ஓடி, மறுபக்கத்தில் ஒருவனை மோதித் தள்ளுவதற்குப் பெயர்தான் புல், அது உனக்கு இட்ட வேலை, அதை நீ நன்றாகச் செய்தாய் என்பதெல்லாம் மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை உங்கள் அணியின் உடைமாற்றும் அறை முழுக்க யூகலிப்டஸ் வாசம் வீச, விஷயம் வெளியே வந்துவிட்டது. அவர் அதையும் விடவில்லை. இடது கார்டு விலகி ஓடும் அந்த உத்திக்கே 'தைலம்' என்று பெயர் வைத்துவிட்டார். டெக்சாஸ் பையன்கள் வரிசையாகக் குனிந்து நின்று "டைலம், டைலம்" என்று கூவுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நம் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய ஒரு வேடிக்கைகூட அவருடையதாகிவிட்டது.

ஆனால் இவை எதுவும் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமல்ல. காரணம் உன் பேச்சு. வீட்டில் உன் பேச்சு ஒரு சொல்லில் அடங்கிவிடும். ஸ்கூல் எப்படி என்றால் ஃபைன். பரீட்சை எப்படி என்றால் ஃபைன். நான் எப்படி இருக்கிறேன் என்று நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாலும் ஃபைன் என்றுதான் சொல்லியிருப்பாய். நீ முழு வாக்கியங்களாகப் பேசியதை நான் முதன்முதலில் பார்த்தது அவருடைய பிக்கப் டிரக்கின் ஜன்னல் ஓரத்தில். பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். உனக்கு அப்படிக் கையை ஆட்டிப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கல்லூரியில் நீ விரும்பிய பெண் விலகிப் போனதை, தீபாவளிக்குச் சாப்பிட வந்த அவர் உன் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கப் போய்த்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அப்படி ஒரு பெண் இருந்ததும் எங்களுக்கு அப்போதுதான் தெரியும். உன் அம்மா அவருக்கு எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அதை அவர் பிரிஸ்கெட் என்கிற வாட்டிய மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிறாராம். எனக்கு ஊறுகாய் போனது பற்றி வருத்தமில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். உன் வாழ்க்கையில் நடக்கும் ஏதாவது ஒரு விஷயத்தை முதலில் கேட்கும் ஆளாக நான் இருக்க வேண்டும். பத்து வருடமாக நான் இரண்டாவது ஆளாகக்கூட இல்லை.

நீ கல்லூரிக்குப் போன பிறகும் நான் வெள்ளிக்கிழமைகளில் அந்த மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்று உன் அம்மா கேட்டதில்லை. நீ ஆடிய வருடங்களில் நான் மற்ற எல்லோரையும் போலப் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பந்து இருக்கும் இடத்தில் நீ ஒருபோதும் இருந்ததில்லை. ஒலிபெருக்கியில் உன் எண்ணைச் சொன்ன ஒரே ஒரு சமயம் எழுந்து நின்று கை தட்டினேன். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காக உன் அணிக்குத் தண்டனை என்று அறிவித்திருக்கிறார்கள். இப்போது என் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது. இருட்டிய பிறகு கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் பந்து எங்கே இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன்பே தெரியாமல் போய்விட்டது. தெரிந்தது நடுவில் வரிசையாகக் குனிந்து நிற்கும் அந்த ஐந்து பெரிய உடம்புகள் மட்டும்தான். வேறு வழியில்லாமல் அவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு வீட்டில் கம்ப்யூட்டரில் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஐவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பந்தை எறியும் ஆட்டமென்றால் ஏறக்குறைய அது சரி. ஐவரும் பின்வாங்கிக்கொண்டே தடுக்க வேண்டும், வேண்டாத விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுப்பது போல. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடும் ஆட்டமென்றால்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நடுவில் நிற்பவன் சென்டர். அவன் குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுக்க வேண்டும். கொடுத்த கை முன்னால் வந்து சேருவதற்குள் எதிரே நிற்பவன் மேலே விழுந்துவிடுவான். பரிமாறிக்கொண்டே சண்டை போடுவது. நம் வீட்டில் இதைச் செய்வது யார் என்று எழுதமாட்டேன், வாசிப்பவளே அவள்தான். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் யாரைத் தள்ளுவது என்று மற்றவர்களுக்குக் கூவிச் சொல்வதும் பெரும்பாலும் அவன்தான். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் டாக்கிள்கள். அவர்களுக்குக் கை நீளமாக இருக்க வேண்டும். ஓடுகிறவன் வெளிப்பக்கமாகப் போகிறான் என்றால், ஓரத்தில் நிற்கும் எதிராளியைச் சுற்றி வெளியே போய் அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். இடது டாக்கிளுக்குப் பந்தை எறிபவனின் முதுகைக் காப்பாற்றுவதில்தான் பெயர். வலது டாக்கிளுக்கு ஓட்டத்தில் வேலை அதிகம், அவன் கொஞ்சம் முரடனாக இருப்பது நல்லது என்கிறார்கள்.

சென்டருக்கும் டாக்கிளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஆள் நெருக்க, வேகம் எடுக்க இடமில்லாமல் நிற்பவன் கார்டு. முதல் அடியை ஒரு சாணுக்கு மேல் வைக்க முடியாது. இடுப்பை இறக்கி, எதிராளியின் மார்புக்குக் கீழே போய், நின்ற இடத்திலிருந்தே அவனைப் பெயர்க்க வேண்டும். சென்டரோடு சேர்ந்து இருவராக ஒருவனைத் தள்ளிவிட்டு, பாதியில் பிரிந்து, அதற்குப் பின்னால் நிற்பவனைத் தேடிப் போக வேண்டும். அவ்வளவு கனத்தோடு, தேவைப்பட்டால் விலகி மறுபக்கம் ஓடவும் வேண்டும். அப்படி அவன் போகும்போது அவன் விட்ட ஓட்டையைச் சென்டர் வந்து அடைக்கிறான். மறுபக்கத்து டாக்கிள், தனக்கு வெளியே நிற்பவனைத் தொடாமல், உள்பக்கத்து ஆளைத் தள்ளப் போய்விடுகிறான். ஓரத்தில் விடப்பட்டவன் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று சந்தோஷமாக உள்ளே ஓடி வருகிறான். அவனுக்காகத்தான் இடது கார்டு வந்துகொண்டிருக்கிறான். வேண்டுமென்றே விட்டுவைக்கப்பட்ட ஆள். இதைப் பார்த்ததும், உன்னுடைய பழைய ஆட்டங்கள் எல்லாம் எனக்கு வரிசையாகப் புரிந்தன. முப்பது வருடம் டேட்டாபேஸ் வேலை பார்த்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். வலது டாக்கிள் உள்ளே தள்ளும்போது ஓரத்துக்காரனைச் சும்மா விடுகிறார்களே, அது மறுபக்கத்துக் கார்டு வருவதற்காகத்தானே என்று, ஏதோ தற்செயலாகத் தோன்றியது போலக் கேட்டேன். உன் குரல் மாறியது. "அப்பா, இது கோச் சொன்னாரா?" என்றாய். இல்லை, நானே கற்றுக்கொண்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உன் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது. ஆமாம் என்றேன். அதன் பிறகு நீ அரைமணி நேரம் என்னோடு பேசினாய். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் கோச் சொன்னார் என்று சொல்லி ஏதாவது ஒரு கேள்வி கேட்டேன். அந்த அரைமணி நேரங்களை அவர் பெயரில்தான் வாங்கினேன். அவற்றுக்காக நான் அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

மலர்க்குழுவினர் அறிவுரை கேட்டிருக்கிறார்கள், ஒன்றாவது சொல்லிவிடுகிறேன். இனி நீயும் கோச். ஏதோ ஒரு வீட்டுப் பையன் அப்பாவிடம் ஃபைன் என்று சொல்லிவிட்டு உன்னிடம் வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசப்போகிறான். கேட்டுக்கொள், அதைத் தடுக்க முடியாது. கேட்டுவிட்டு, உங்கப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று ஒரு முறை கேள். இல்லை என்பான். இன்னொரு முறை கேள். பெஞ்சில் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எதுவும் புரியாது. தவறான நேரத்தில் கை தட்டுவான், வராத வலிக்கு மருந்து கொண்டு வருவான். அவன் கை நீட்டித் தன் பெயரைச் சொன்னால், வேடிக்கை எதுவும் செய்யாமல் கை குலுக்கு.

போன சனிக்கிழமை காலை, உன் அம்மாவிடம் தயிர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஃப்ரீவே பக்கம் போகாமல் ஊருக்குள்ளேயே சுற்றி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் டிரக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். சிக்னல்களில் நின்றபோதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். நான்கு வருடம் என் மகனை உங்களிடம் விட்டிருந்தேன், நான் வாய் திறக்கவில்லை, இப்போது அவனுடைய வேலையைக் கெடுத்துக் கூப்பிட உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டேன். அவர் குழாயை மூடினார்.

"நான் கூப்பிடவில்லை சார்," என்றார். "அவன்தான் என்னைக் கூப்பிட்டான்."

உன் அம்மா உனக்குச் சொல்லிவிட்டாளாம், என் கண்ணைப் பற்றி. சத்தியத்தை மீறி எத்தனை நாளாகிறது என்று நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. பள்ளியில் இடம் இருக்கிறதா என்று நீதான் அவரை விசாரித்திருக்கிறாய். அவர்களுக்காக வருகிறேன் என்று சொன்னால் அப்பா வராதே என்று ஒரே பிடியாக நிற்பார், அதனால் நீங்கள் கூப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டிருக்கிறாய். அவர் சரி என்றிருக்கிறார். நீ நினைத்தது சரிதான், வராதே என்றுதான் சொல்லியிருப்பேன். பிறகு, எனக்கு ஆட்டத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்காக நீ அவருக்கு நன்றி சொன்னாயாம். அதற்கும் அவர் பரவாயில்லை என்று சொல்லிவைத்திருக்கிறார். "உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க எனக்கு வயதாகிவிட்டது சார்," என்றார். அப்படியானால் அவனுக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லையா என்று கேட்டேன். விருப்பம் எப்போதும் இருந்தது, வீட்டில் சொல்ல ஒரு காரணம்தான் கிடைக்காமல் இருந்தது என்றார். ஆக, நான் உன் காரணமா, உன் சாக்கா என்று அவரிடம் கேட்டும் எனக்குத் தெளிவாகவில்லை. கிளம்பும்போது உன் அம்மாவின் ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். தயிர் வாங்க மறந்துவிட்டேன். காலி பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன்.

உன் சந்தோஷமான முதல் வாக்கியத்தைக் கேட்டு, வழி கிடைத்தது என்று உள்ளே ஓடி வந்தவன் நான். விட்டுவைக்கப்பட்ட ஆள் நான்தான். அவரை முன்னால் ஓடவிட்டு நீ பின்னால் வந்திருக்கிறாய். இதில் எனக்குக் கோபம் இல்லை. சுத்தமான ஆட்டம், யாரும் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. நீ எனக்காக வருகிறாய் என்று தெரிந்த அன்றாவது என் வயிற்றெரிச்சல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கண் என்னுடையது, மகன் என்னுடையவன், கவலை என்னைப் பற்றியது. அதைக் கேட்ட காது மட்டும் அவருடையது. என்னைப் பற்றி நீ இரவில் தூக்கம் கெட்டு யோசித்திருந்தால், அந்த யோசனையின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அவருக்குப் போயிருக்கின்றன. எனக்கு வந்தது ஒரு நல்ல பொய்.

வா. வேலையை என் கண்ணுக்காகச் செய்யாதே, பிடித்துச் செய். வெள்ளிக்கிழமைகளில் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போ. வேண்டாம் என்று ஒரு முறை சொல்வேன், கண்டுகொள்ளாதே. உன் அறையில் இப்போது என் கம்ப்யூட்டர் இருக்கிறது, நீ வந்ததும் எடுத்துவிடுகிறேன். எதையும் கொண்டு வர வேண்டாம், கட்டில்கூட வாங்கியாகிவிட்டது. ஒன்று மட்டும் செய். கிளம்புவதற்கு முன் உன்னிடம் இருக்கும் ஏதாவது ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் மீதி வைத்துக்கொள். அம்மாவிடம் வேண்டாம், முக்கியமாக அவரிடம் வேண்டாம். அதை வந்து முதலில் என்னிடம் சொல். பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பல்வலி போதும்.

உன்
அப்பா